கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பூனை வளர்க்கலாமா?

ஒரு வயதுக் குழந்தைக்கு மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது, பூனைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் பல இரவு தூங்காமல் இருந்திருக்கிறேன். என் மகள் பிறந்தபோது வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன.

முதலில் சளி. இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம்தான். அதில் பெரும்பாலானவை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ்கள். பூனையால் வரும் அலர்ஜி வேறு மாதிரி இருக்கும். காய்ச்சல் இருக்காது, மூக்கு தண்ணீராக ஒழுகும், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் விடாது. பூனை இல்லாத வீட்டில் சில நாள் தங்கும்போது குறைந்து, திரும்பி வந்ததும் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். வீசிங் இருந்தாலோ, மூச்சு விடும்போது விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ யோசிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

முடி நுரையீரலுக்குள் போய்விடும் என்று எனக்கும் பயம் காட்டினார்கள். உண்மையில் அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். பூனை தன் உடம்பை நக்கும்போது இந்தப் புரதம் முடியில் ஒட்டிக் காய்ந்து தூசாகப் பறக்கிறது. பூனையை அனுப்பிய பிறகும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

முடியைப் பார்த்துப் பயந்த நான், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டேன். மகளுக்குப் பத்து மாதம். குளிப்பாட்டும்போது முழங்கைக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம், ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து இருந்தது. பூச்சிக்கடி என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் கழுத்திலும் ஒன்று. படர்தாமரை என்றார் மருத்துவர், வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார். வந்து பூனையின் காதுக்குப் பின்னால் விலக்கிப் பார்த்தால், முடி கொட்டிச் செதில் செதிலாக ஒரு திட்டு. தினமும் மடியில் வைத்திருந்தும் நான் கவனிக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்த பிறகுதான் அடங்கியது.

அடுத்தது குடற்புழு. நாய்க்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு தொற்றிவிடும். கழிவோடு வெளியேறும் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்து தொற்றும் நிலைக்கு வருகின்றன, மண்ணை வாயில் வைக்கும் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. அதனால் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் பூனைக்கும் புழு மருந்து கொடுத்துவிடுங்கள். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, தினமும் சுத்தம் செய்யுங்கள். நீங்கள் மறுபடி கர்ப்பமாக இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும். அப்புறம், ஆமை வாங்கும் யோசனை இருந்தால் குழந்தைக்கு 5 வயது ஆகும் வரை வேண்டாம், சால்மோனெல்லா கிருமி வரும்.

ரேபிஸ் தடுப்பூசி விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுப் பூனையோ நாயோ, கடியோ கீறலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

எவ்வளவு சாதுவாக இருந்தாலும் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். எங்கள் நாய் சாப்பிடும்போது மகள் தட்டில் கை வைத்தாள். அது மெல்லுவதை நிறுத்திவிட்டு, உதட்டை லேசாகத் தூக்கி, அதுவரை நான் கேட்டிராத ஓர் உறுமல் விட்டது. நல்லவேளை, நான் பக்கத்திலேயே இருந்தேன்.

சளியை மட்டும் வைத்துப் பூனையை அனுப்பாதீர்கள் என்பதே என் பதில். பூனையால்தான் வீசிங் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால், நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். அதற்கு முன், இன்றைக்கே அதன் காதுக்குப் பின்னால் ஒரு தடவை விலக்கிப் பாருங்கள்.