வாசகர் கேள்வி பதில்: கோடாகச் சுருங்கிய படம்

கேள்வி: அப்பா வாங்கிய 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியில் ஒலி தெளிவாக வருகிறது, படமோ திரையின் நடுவே குறுக்காக ஒற்றை வெண்கோடாகச் சுருங்கிவிட்டது. படக்குழாய் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இல்லை, அம்மா. கோடு தெரிகிறது என்றாலே படக்குழாய் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய உயர் மின்னழுத்தமும் கிடைக்கிறது. திரையில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றையை நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக இழுத்துச் செல்லும் செங்குத்து விலக்கச் சுற்றுதான் நின்றுபோயிருக்கிறது. அந்தச் சுற்றின் ஐசி என்னும் மின்னணுச் சில்லு ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் உழைப்பதால், அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று விரிசல் விடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், காலைச் சுற்றி முடி அளவில் ஒரு கறுத்த வளையம் தெரியும். மறுபடி ஈயம் வைத்தாலே படம் விரிந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விரியாவிட்டால் அருகிலுள்ள கெப்பாசிட்டர்களையும், பிறகு ஐசியையும் மாற்றச் சொல்லுங்கள்.

பழுது நீங்கும்வரை பெட்டியைப் போட்டு வைக்காதீர்கள். ஒளி முழுவதும் ஒரே கோட்டில் குவிவதால் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பாஸ்பரப் பூச்சு எரிந்து, நிரந்தரத் தழும்பாகிவிடும். தயவுசெய்து நீங்களே மூடியைத் திறக்கவும் வேண்டாம். படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும் மின்னேற்றம், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். சுவிட்சை அணைத்தாலே போதும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள்.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019இல் நின்றுவிட்டதால், ஏரியல் வழியாகப் பார்ப்பதென்றால், டிஜிட்டல் ஒளிபரப்பைப் பழைய பெட்டிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிகோடர் பெட்டியின் மஞ்சள் கம்பியைப் படத்துக்கும், சிவப்பு வெள்ளைக் கம்பிகளை ஒலிக்கும் இணையுங்கள்.