நேர்கோடு கூட வராத நான் வீட்டிலேயே ஓவியம் பழக முடியுமா?

'ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு கூட நேராக வராது, வகுப்புக்குப் போக நேரமில்லை, வீட்டிலேயே வரைந்து பழக எளிய வழி சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த நேர்கோட்டுக் கவலையை விடுங்கள்.

என் சித்தப்பா வண்ணாரப்பேட்டையில் சுவர் விளம்பரம் எழுதினவர். தேர்தல் வந்தால் சின்னம், மற்ற நாளில் சிமென்ட், பனியன், கடைப்பலகை. இருபது வருடத்துக்கு மேல் எழுதிய மனிதர், ஒரு நாளும் கையால் நேர்கோடு போட்டதில்லை. நூலை நீலப்பொடியில் புரட்டி, ஆளுக்கொரு முனையாகச் சுவரில் அழுத்திப் பிடித்து, நடுவில் இழுத்து விடுவார். பட்டென்று கோடு விழும். நூல் அடிப்பது என்பார்கள், கொத்தனாரும் ஆசாரியும் செய்வதுதான். பள்ளி விடுமுறையில் மறுமுனையைப் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. ஒருமுறை நான் வெறும் கையால் கோடு இழுத்துப் பார்த்துக் கோணலாகி முழித்தபோது சொன்னார்: "கோடு போட நூல் கீதுடா. பாக்கறதுக்கு இன்னா கீது?"

எனக்குத் தெரிந்த பாடம் அந்த ஒன்றுதான். நமக்கு வராதது கை இல்லை, பார்ப்பது. கண்ணை வரையச் சொன்னால் எதிரில் இருக்கும் கண்ணை விட்டுவிட்டு, சின்ன வயதில் பழகிய மீன் வடிவத்தைப் போட்டு நடுவில் ஒரு வட்டம் வைக்கிறோம். ஆகவே நான் சொல்லப்போகும் பயிற்சி எல்லாமே மூளையைக் கொஞ்ச நேரம் ஏமாற்றுகிற வேலை.

வாசலில் கிடக்கும் செருப்பில் ஆரம்பியுங்கள். ஒரு ஜோடி போதும். பென்சிலைத் தாளில் வைத்துவிட்டு, அப்புறம் தாளைப் பார்க்கவே கூடாது. கண் செருப்பின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்து போகட்டும், அதே வேகத்தில் பென்சிலும் போகட்டும். ஐந்து நிமிடம். முடிந்ததும் பார்த்தால் சிரிப்பு வரும், வார் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் கிடக்கும். பரவாயில்லை. ஆனால் அந்தக் கோணல் கோட்டில், குதிகால் தேய்ந்த இடத்தின் சரிவு மட்டும் அச்சு அசலாக வந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். முதல் பத்து நாள் ரப்பரைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலை, ஏதாவது ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. மூக்கு, வாய் என்று பெயர் சொல்ல முடியாததால் வெறும் வளைவும் இடைவெளியுமாகத் தெரியும். வந்துவிடும்.

இடைவெளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டூலை வரையாதீர்கள், ஸ்டூல் கால்களுக்கு நடுவே தெரியும் காலியிடத்தை வரையுங்கள். காலியிடத்துக்கு மூளையில் முன்பே பதிந்த வடிவம் கிடையாது, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதைப் பழக எனக்குப் பிடித்த பொருள் மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். உடம்புகளை விட்டுவிட்டு, கால்களுக்கும் கைகளுக்கும் நடுவே தெரியும் வானத்தின் துண்டுகளை மட்டும் வரைந்து பாருங்கள், ஆட்கள் தானாக நின்றுவிடுவார்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1850ல் தொடங்கிய நம்முடைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். சித்தப்பாவுக்கு அந்தக் கல்லூரியில் சேர ஆசை. பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டது.

சரி, தண்ணீர்க் குடத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் லாரி வருகிற நாளில் மாடிப்படி முழுக்கக் குடம் வரிசை கட்டி நிற்கும், பச்சை, சிவப்பு, ஊதா. அதைவிட நல்ல ஓவிய வாத்தியார் கிடையாது. கீழே உட்கார்ந்து படிக்கட்டைப் பாருங்கள். உங்கள் கண்மட்டத்துக்குச் சரியாக இருக்கும் குடத்தின் வாய் வெறும் கோடாகத் தெரியும். அதற்குக் கீழ்ப்படியில் இருப்பதன் வாய் லேசாகத் திறக்கும். இன்னும் கீழே போகப் போக நன்றாகத் திறந்துகொண்டே வரும். கண்ணுக்கு மேலே உள்ளதில் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. எல்லாரும் செய்கிற தப்பு இரண்டு. வாயின் இரு ஓரத்தையும் கூர்மையாக முடிப்பது ஒன்று. அது கூராக இருக்காது, சின்னதாக வளைந்து திரும்பும். இன்னொன்று, குடம் தரையில் நிற்கிறதே என்று அடிப்பக்கத்தை நேர்கோடாகப் போடுவது. வாயைவிட அடிதான் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருக்கிறது, ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான் ஒரு நோட்டு முழுக்கக் குடம் போட்ட பிறகுதான் இது கையில் உட்கார்ந்தது.

இந்தக் கண்மட்ட விஷயத்தைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் காசிமேட்டுப் பக்கம் கடலோரம் போய் நில்லுங்கள். கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் உங்கள் கண் உயரத்தில்தான் தெரியும். கல் மேல் ஏறினால் கூடவே ஏறும், உட்கார்ந்தால் கூடவே இறங்கும். உங்கள் கண் தண்ணீருக்கு ஆறடி மேலே இருந்தால், பக்கத்தில் நிற்கும் ஃபைபர் படகோ தூரத்து விசைப்படகோ, ஒவ்வொன்றையும் அந்தக் கோடு தண்ணீரிலிருந்து ஆறடி உயரத்தில் வெட்டும். இதை வைத்தே எந்தப் படகு எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று தாளில் முடிவு செய்துவிடலாம்.

பென்சில் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2பி ஒன்று, 6பி ஒன்று போதும். பி எண் ஏற ஏறக் கருப்பு கூடும், மென்மையும் கூடும். நிழல் போடும்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து, இருட்டு எது வெளிச்சம் எது என்று பிரியும். விரலால் தேய்க்காதீர்கள், அழுக்காகத்தான் தெரியும். பக்கம் பக்கமாகக் கோடு போட்டு, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை போடுங்கள். தாளுக்குச் செலவு வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கட்டிங்கில் மிஞ்சிய தாளை ஒரு கடையில் எனக்கு எடை போட்டுக் கொடுத்தார்கள், அரைக் கிலோ ஆறு மாதம் வந்தது.

முகம் வரைய ஆசையா? பேனர் ஆர்ட்டிஸ்டுகள் உள்ளங்கை அளவுப் படத்தை இருபதடிக்கு ஏற்றிய வித்தை கட்டம்தான். பழைய போட்டோ மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் உறையைப் போட்டு, அதில் மார்க்கரால் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். தாளில் மூன்று சென்டிமீட்டர் கட்டம். அப்புறம் முகத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு கட்டமாக நகலெடுங்கள். தாத்தா படத்தை நான் இப்படித்தான் வரைந்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் தாளில் கட்டத்தை 6பியால் அழுத்திப் போட்டுவிட்டேன், எவ்வளவு அழித்தும் போகவில்லை. இன்றைக்கும் தாத்தா கூடத்தில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருப்பது போலத்தான் தொங்குகிறார். நீங்கள் கெட்டியான, வெளிறிய கோடு விழும் எச் பென்சிலில், பட்டும் படாமலும் போடுங்கள்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய ஏதாவது வேண்டுமென்றால் வெண்டைக்காய் அச்சு, மெழுகுவர்த்தியால் கிறுக்கி மேலே கலர் தண்ணீர் பூசுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் மீன் அச்சைச் சொல்கிறேன். ஜப்பானில் மீனவர்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க, மீன்மேல் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள். கியோடாக்கு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம்.

செதில் எடுக்காத சங்கரா ஒன்று வாங்கி, உப்புப் போட்டுத் தேய்த்து வழவழப்பைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் அச்சு கலங்கிவிடும். தெர்மாகோல் மேல் படுக்கவைத்து, துடுப்பையும் வாலையும் விரித்து குண்டூசி குத்துங்கள். போஸ்டர் கலரை மெலிசாக, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவுங்கள். கண்ணில் தடவ வேண்டாம். பழைய வேட்டித் துணியை மேலே போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் ஒற்றிக்கொண்டே போய், ஒரு முனையைப் பிடித்து உரித்தெடுங்கள். செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருக்கும். கண்ணை மட்டும் பிரஷ்ஷால் கடைசியில் வைக்க வேண்டும்.

முதல் தடவை இதைச் செய்தபோது அம்மா கேட்டது, "ஏன்டா, கொழம்புக்கு வாங்கின மீனுக்கா நீலம் அடிச்சே?" கலர் பூசிய மீனைச் சமைக்க முடியாது, அன்றைக்கு ரசம்தான். அடுத்த முறை கலருக்குப் பதில் மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தடவினேன். அச்சு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை, உண்மை. ஆனால் மீன் எப்படியும் மஞ்சள் தடவ வேண்டியதுதானே, துணியை எடுத்ததும் நேராக அடுப்படிக்குப் போய்விட்டது. துணி காய்ந்தபின் சுண்ணாம்புத் தண்ணீரின் தெளிவைப் பிரஷ்ஷால் தொட்டு மேலே ஓட்டினால் மஞ்சள் மீன் செங்கல் சிவப்பாகிவிடும். ஆரத்தி கரைக்கும்போது நடக்கிற அதே விஷயம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சுண்ணாம்பு, சோப்பு மாதிரிக் காரத்தன்மை உள்ளது பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அவர்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். முதுகுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள் என்று விட்டால் சங்கரா மாதிரியே இருக்கும். வெயில் படுகிற சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம், மஞ்சள் வெளுத்துவிடும்.

மீன் அச்சு செய்வதாக இருந்தால் ஏப்ரல் 15க்குள் செய்துவிடுங்கள். அன்றைக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கால் வைக்க இடமிருக்காது, வார நாளில் விடியற்காலை போங்கள். 'செதில் எடுக்காம குடுங்கக்கா' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் காசை எண்ணுவதற்குள் சுரண்டி முடித்திருப்பார்கள்.