வெளிநாட்டுப் பயணத்தில் வாழ்க்கை மேல் நம்பிக்கை திரும்ப வந்த அனுபவம் உண்டா?

உண்டு. 2024 ஜூன், மலேசியாவின் பினாங்கு, ஒரு பூக்கடை.

திருப்பூரில் 12 தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். 2022-ல் நூல் விலை ஏறியதில் ஆர்டர் குறைந்தது, ஜாப் ஒர்க் கொடுத்த ஒரு கம்பெனி கடைசி வரைக்கும் பில்லை செட்டில் பண்ணவே இல்லை, பத்து மெஷினை விற்றுத்தான் கடனை அடைத்தேன். கடன் போய்விட்டது, ஆனால் மனசு விட்டுப்போயிருந்தது. மகளின் காலேஜோ, வீட்டுக்கு வெள்ளையடிப்பதோ, யார் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பேன். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலையில் இருக்கும் சித்தி மகன்தான், "விசாகூட வேண்டியதில்லண்ணா, டிக்கெட் மட்டும் போடுங்க" என்று விடாமல் கூப்பிட்டு வரவழைத்தான் (இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம் என்பது 2023 டிசம்பரில் வந்தது). அவன் வேலைக்குப் போனதும் நான் பஸ் பிடித்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடுவேன். தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறினேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு அக்கா மேசை போட்டுப் பூ கட்டிக்கொண்டிருப்பார், அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தினமும் அந்த வழியாகப் போவதைப் பார்த்துவிட்டு, "பசியாறியாச்சா தம்பி?" என்றார். காலைச் சாப்பாட்டை அங்கே நம்மவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு என்னவோ செய்தது, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சீனத் தவுக்கே (முதலாளி) வந்தார். "தாஹுன் டெப்பான், செராத்துஸ்" என்று மலாயில் சொல்லி 50 வெள்ளி (ரிங்கிட்) வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம், நூறு. தைப்பூச ரதத்துக்கு முன்னால் உடைக்கும் தேங்காய்க்கு முன்பணம்! அங்கே சீனர்களும் வேண்டிக்கொண்டு காய் உடைப்பார்கள் என்பது தெரியும், ஆனால் பூசத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறதே என்றேன். அக்கா பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அதில் 2021-க்கான பக்கம் ஒன்று இருந்தது. நாற்பது பேர் இருக்கும், ஒவ்வொரு பேருக்கும் எதிரே காய்க் கணக்கு, ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேல் வைத்து அடித்த சிவப்புக் கோடு. அந்த வருஷம் கொரோனாவுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் ரத ஊர்வலமே இல்லை. அதற்கு முன்பே கடையையும் மூட வேண்டியதாகி, வீட்டிலிருந்தே மாலை கட்டி மகனை மோட்டாரில் கொடுத்தனுப்பிச் சமாளித்திருக்கிறார். ஆனால் அந்த நாற்பது கோட்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில், கோட்டில் படாமல் சின்ன எழுத்தில், 'அடுத்த வருஷம்' என்று நாற்பது தடவை எழுதியிருந்தார். மொத்தமாக ஒரு கோடு இழுத்து ஒரே தடவை எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். "ஒவ்வொருத்தர் வேண்டுதலும் வேற வேற இல்லியா தம்பி" என்றார்.

அப்புறம் நான் யோசிக்கவே இல்லை. "அக்கா, என் பேருலயும் பத்துக் காய் எழுதுங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது, அடுத்த வருஷத்தைப் பற்றி நான் பேசி எத்தனை நாளாயிற்று என்று. பணத்தைக் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது, அக்கா பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து மீதமிருந்த இரண்டு மெஷினுக்கும் எண்ணெய் விட்டேன். ஓவர்லாக் தையல் மெஷினில் நானே உட்கார்ந்தேன், ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் கிடைத்தது. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியாயிற்று.

2025 பிப்ரவரியில் என்னால் போக முடியவில்லை, கையில் வேலை இருந்தது. பூசத்துக்கு முதல் நாள் ரதம் வந்தபோது சித்தி மகன்தான் என் பத்துக் காயையும் உடைத்து வீடியோ அனுப்பினான். கடைசியில் அக்கா குரல் கேட்கிறது: "திருப்பூர்த் தம்பிகிட்ட கேளுப்பா, அடுத்த வருஷத்துக்கும் பத்துதானா, கூட்டி எழுதிக்கவா?"

இருபது என்று சொல்லச் சொன்னேன்.