திருகோணமலை மாவட்டக் குச்சவெளிப் பக்கம் முழங்கால் உயரத்தில் நிற்கும் இலந்தைப் பற்றை ‘பாலைவன இலந்தை’யா? சூரை, சித்ர் எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை. இலந்தை, சூரை, சித்ர் மூன்றும் சிசிபஸ் என்ற ஒரே பேரினம், இனங்கள் வேறு. நம்மூர் இலந்தை சிசிபஸ் மொரிஷியானா. சூரை சிசிபஸ் ஈனோப்லியா. அரபு நாட்டுச் சித்ர் பெரும்பாலும் சிசிபஸ் ஸ்பைனா-கிறிஸ்டி. நீங்கள் சொல்லும் ‘பாலைவன இலந்தை’ சிசிபஸ் நம்முலேரியா. ராஜஸ்தான் தார்ப் பாலைவனத்தில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகும் பற்றை அது.

பழத்தின் பருமனையும் நிறத்தையும் வைத்துத்தான் பலர் பிரிக்கப் பார்க்கிறார்கள். பிழை வருவதும் அதனால்தான். ஒரே இலந்தை மரத்தில் பச்சை, மஞ்சள், செம்பழுப்பு மூன்று நிறத்திலும் காய் கிடக்கும். முதலில் பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கம்.

கொப்பின் நுனியிலிருந்து ஐந்தாறு இலை தள்ளி, வெயில் படும் பக்கத்தில் ஒரு முற்றிய இலையைப் பறியுங்கள். தளிரை எடுக்க வேண்டாம். தளிரில் எல்லா இனத்திலும் ஓரளவு மயிர் இருக்கும். இலை காம்போடு சேரும் இடத்திலிருந்து மூன்று நரம்பு நுனியை நோக்கி ஓடினால் சிசிபஸ் பேரினத்தை நெருங்கிவிட்டீர்கள். இப்போது திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கம்பளித் துணி போல வெளிறி, நரம்புகளுக்கு இடையே பச்சையே தெரியாமல் இருந்தால் இலந்தை. அதன் மேற்பக்கம் மயிரில்லாமல் கரும்பச்சையாகப் பளபளக்கும். சித்ரின் அடிப்பக்கம் பச்சையாகவே இருக்கும்; பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மெல்லிய மயிர் கொஞ்சம் தெரியலாம். இலையும் சற்று நீண்டு நுனி ஒடுங்கும். முள்ளை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டிலும் கணுவில் சோடியாக முள் வரும், ஒன்று நேர், மற்றது வளைவு; சில கொப்பில் முள்ளே இருக்காது.

ஜனாஸாவை (முஸ்லிம்களில் இறந்தவரின் உடலை) குளிப்பாட்ட இலந்தை இலை தேடுவோர் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வளைகுடாத் தோட்டங்களில் பெரிய பழத்துக்காக நம்மூர் இலந்தை இனத்தையும் நடுகிறார்கள். எனவே அங்கிருந்து வந்த விதை என்பதால் மட்டும் அது சித்ர் ஆகிவிடாது. எந்த இலை பொருந்தும் என்பது மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்க வேண்டியது. இன அடையாளம் மட்டுமே இங்கே என் பேச்சு.

சூரை இலகு. மரமாக நிமிராது, பக்கத்து மரத்தைப் பற்றிப் படரும். முள் பெரும்பாலும் கணுவுக்கு ஒன்றுதான், அதுவும் கொக்கி. இலை நுனி கூர், காம்போடு சேரும் பக்கம் ஒருபுறம் சரிந்திருக்கும். பழம் 5 முதல் 8 மில்லிமீற்றர், பழுத்தால் பளபளக்கும் கறுப்பு. பழத்தை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவிட்டுச் சதையைத் தேய்த்தெடுத்தால் இன்னும் உறுதியாகும்: சூரைக் கொட்டையின் ஓடு மெல்லியது, உள்ளே ஒரே அறை. இலந்தைக் கொட்டை கரடுமுரடு, ஓடு தடிப்பு, உள்ளே இரண்டு அறை.

கறுப்புப் பழம் என்றதும் சூரை என்று முடிவெடுக்காதீர்கள். கிளாவும் கறுப்பாகத்தான் பழுக்கும், ஆனால் இலையைக் கிள்ளினால் பால் வரும், இலைகள் எதிரெதிராக இருக்கும். தொடரி சூரையின் குடும்பமே, கொக்கி முள்ளும் உண்டு. ஆனால் அதன் இலையில் மூன்று நரம்பு இல்லை, நடுநரம்பிலிருந்து இருபக்கமும் கிளை நரம்பு பிரியும்.

இனி உங்கள் கேள்விக்கு. குச்சவெளி, நிலாவெளி மணற்காணிகளில் ஆடும் மாடும் ஓயாமல் கடிக்கும் இலந்தை மேலே எழும்ப முடியாமல் தரையோடு பரவும். இலை சிறுக்கும், முள் நெருங்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் பார்த்தால் அசல் பாலைவனச் செடி போலவே இருக்கும். நம்முலேரியாவின் இலையும் சிறிது, ஏறக்குறைய வட்டம், 1 முதல் 2.5 சென்ரிமீற்றர். அளவு ஏமாற்றும் என்பதால் இலையின் மேற்பக்கத்தை விரலால் தடவுங்கள். நம்முலேரியாவுக்கு மேற்பக்கத்திலும் மென்மயிர் உண்டு, இலந்தைக்கு வழுவழுப்பு. தூசி படிந்த இலையைக் கழுவித் துடைத்த பிறகு தடவ வேண்டும். அப்போதும் சந்தேகம் என்றால் ஒரு பற்றையைச் சுற்றி முள்வேலி போட்டு மாரி முடியும் வரை ஆடு அண்டாமல் விடுங்கள். இலந்தையாக இருந்தால் புதுக் கொப்பில் இலை பெருக்கும். நீங்கள் சொன்ன இடத்தையும் தோற்றத்தையும் வைத்துப் பார்த்தால் அது ஆடு கடித்த இலந்தை என்றே நினைக்கிறேன்.

வீட்டில் ஒட்டு இலந்தை வைத்திருப்பவர்கள் ‘ஒரே மரத்தில் இரண்டு சாதி’ என்று கேட்பதும் உண்டு. ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து முளைத்த காட்டுக் கொப்பு அது. விட்டால் மேலே உள்ள நல்ல கொப்பை அமுக்கிவிடும். கண்டவுடன் அடியோடு வெட்டுங்கள்.

படம் அனுப்புவதானால் இலையின் இரு பக்கமும், ஒரு கணுவின் முள்ளும், உடைத்த கொட்டையும், பக்கத்தில் ஒரு நாணயமும் வைத்து நிழலில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் பச்சை அடிப்பக்கமும் வெள்ளையாகத் தெரியும்.