தமிழை விட்டால் ‘வந்தேறி’ப் பட்டம் போய்விடுமா?

கேள்வி: நான் தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, பிள்ளைகளைக் கரையேற்றியவன். பேரன் முதலாம் ஆண்டுக்குப் போகப் போகிறான். தமிழ்ப்பள்ளி வேண்டாம், மலாய்வழித் தேசியப் பள்ளியில் போடு என்று மகனிடம் சொல்லிவிட்டேன். வீட்டிலும் இனி மலாயும் ஆங்கிலமும் போதும். எந்த நாட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறோமோ அந்த நாட்டு மொழியைப் பேசுவதுதான் நன்றி. தமிழ், தமிழ்ப்பள்ளி என்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நாலு தலைமுறை ஆகியும் நம்மை வந்தேறி என்கிறார்கள். நான் சொல்வதில் என்ன தவறு?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: ஐயா, பேரன் எந்தப் பள்ளிக்குப் போவது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு நீங்கள் சொல்லும் காரணம் தவறு. தமிழை விட்டுவிட்டால் வந்தேறி என்ற பேச்சு நின்றுவிடும் என்று நம்புகிறீர்கள். நிற்காது. சந்தேகமிருந்தால் ஒரு சனிக்கிழமை மலாக்காவுக்குப் போய்வாருங்கள்.

அங்கே காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டுக்காரர்கள் ஆனவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் பாரம்பரிய உடை சாரோங், கெபாயா. அடுப்படிக்குள் நுழைந்தால் பெலாச்சான் என்ற இறால் விழுது மணக்கும். தமிழ் அவர்கள் நாவை விட்டுப் போய்ப் பல தலைமுறையாகிறது. ஆனால் சாமியை விடவில்லை. 1781ல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையதுதான். போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். அதற்கு ‘பார்ச்சு’ என்று பெயர். மொழி போன பிறகும் இவ்வளவையும் காத்து வைத்திருக்கும் அந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் பேரனிடம் எதிர்பார்ப்பதை அவர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். பலன் என்ன? மண்ணின் மைந்தர் எனப்படும் பூமிபுத்திரா தகுதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் நம்மோடு இந்தியர்களாகத்தான் நிற்கிறார்கள். வந்தேறி என்று ஏசுகிறவன், நாம் வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்று விசாரித்துவிட்டு ஏசுவதில்லை. தேர்தல் நெருங்கினால் ஏசுவான், பதவிச் சண்டை வந்தால் ஏசுவான். அவன் வாயை மூட உங்கள் பேரனின் தமிழைக் காவு கொடுக்காதீர்கள்.

நன்றி என்கிறீர்கள். யாருக்கு யார் பட்ட கடன் அது? காட்டை வெட்டிப் பால்மரம் என்ற ரப்பர் மரம் நட்டதும், ரயில் தண்டவாளம் போட்டதும் நம் ஆட்கள். சாப்பிட்ட சோற்றுக்கு உழைத்தாகிவிட்டது. இந்த நாடும் நம்மிடம் தமிழை விடச் சொல்லிக் கேட்கவில்லை. அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாய்தான் தேசிய மொழி என்று சொல்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வக் காரியங்கள் நீங்கலாக, வேறு எந்த மொழியையும் பேசவோ கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அப்படி இல்லை என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அதற்கு மேலே போகக் கேட்ட அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்குப் போட்டவர்களால் நீதிமன்றத்தில் பறிக்க முடியாததை, நீங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

ஆனால் மலாய் விஷயத்தில் உங்கள் கவலை முழுக்க நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அட்டை. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் பதிவு செய்யவில்லை, பிறப்புப் பத்திரம் கிடையாது. குடியுரிமைக்கு மனுப் போட்டார். அப்படி மனுப் போடுகிறவருக்குப் போதிய மலாய் அறிவு வேண்டும் என்பது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு. நேர்காணலுக்குத் துணையாகப் போயிருந்தேன். கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த அட்டையை மேசைமேல் வைத்தார். அதிகாரி நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைச் சொல்லச் சொன்னார். பாட்டிக்குத் தெரிந்தது மீன்காரரிடம் பேரம் பேசும் மலாய். கேள்வி புரியாமல், தன் ஐந்து பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர். மனு திரும்பிவிட்டது.

இதற்குத் தமிழைக் குற்றம் சொல்ல முடியுமா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரைமார் ஒரு கொட்டகையைப் போட்டார்கள். பிள்ளை நாலு எழுத்துப் படித்துவிட்டு மறுபடி பால்மரத்துக்கே வந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. மலாய் சொல்லித்தர அங்கே யாருமில்லை. அந்தப் பாட்டியைக் கைவிட்டது அந்த ஏற்பாடு. இன்றையத் தமிழ்ப்பள்ளி அந்தக் கொட்டகை இல்லை. முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் கட்டாயப் பாடம். பிறகு இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மலாயில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

தமிழ்ப்பற்று பேசுகிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலாயில் ஒரு விண்ணப்பம் எழுதத் திணறுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிலரை மேடையில் பார்த்திருக்கிறேன். அவர்களால் தமிழுக்கு ஒரு பயனும் இல்லை. கவுண்டரில் நின்று, “துவான், சட்டம் இப்படிச் சொல்கிறது” என்று சுத்தமான மலாயில் வாதாடத் தெரிந்த தமிழன்தான் தன் பள்ளியையும் கோயிலையும் காப்பாற்றுவான். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் சட்டம் பேசும் வக்கீல்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே தலைக்குள் தாராளமாக இருக்கும்.

ஆகவே வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தினால் பேரனிடம் வேறு யார் பேசப்போகிறார்கள்? வாரத்தில் ஒருநாள் ஒரு மலாய்ப் பத்திரிகை வாங்கி, அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் மலாய்க்கு அது போதாதென்றால் டியூஷன் வையுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

அப்படியும் தேசியப் பள்ளிதான் என்று மகன் உறுதியாக இருந்தால், அங்கேயும் வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்குச் சாத்தியமாக இருக்கும்வரை, தேசியப் பள்ளியிலும் தமிழ் சொல்லித்தர வேண்டும். யாரும் கேட்காததால் வகுப்பே தொடங்காத பள்ளிகள் பல. பேரன் சேரும் பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் எத்தனை என்று முதல் வாரமே விசாரியுங்கள். பதினைந்து கையெழுத்தையும் வாங்கித் தலைமையாசிரியரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கடிதத்தை மலாயில் எழுதுங்கள்.