எச்.ஐ.வி உள்ளவரின் சிறுநீரகம் இன்னொருவருக்கு: கேள்வி பதில்

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பற்றிப் போன மாதம் எழுதியபோது, எச்.ஐ.வி உள்ள ஒருவர் இறந்தபின் அவருடைய சிறுநீரகத்தை எச்.ஐ.வி உள்ள இன்னொருவருக்குப் பொருத்தும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. கொழும்பில், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் மருந்துகளைக் கவனிக்கும் மருந்தாளர். அதனால் பதில்கள் மருந்துப் பக்கம் கொஞ்சம் சாயும். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை: அக்கா, கிருமி இருக்கிறது என்று தெரிந்தே ஒருவரின் உடம்புக்குள் அந்தச் சிறுநீரகத்தை வைப்பது பாவம் இல்லையா? யாருக்கு இந்த யோசனை வந்தது?

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில், குரூட்டே ஷூர் வைத்தியசாலையில் 2008இல் இது தொடங்கியது. 1967இல் உலகின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்த அதே வைத்தியசாலைதான். தொடங்கியவர் எல்மி முல்லர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்.

அந்த நேரத்து நிலைமையைப் பார்த்தால்தான் அவருடைய முடிவு விளங்கும். அங்கே அரச வைத்தியசாலைகளில் டயாலிசிஸ் இயந்திரங்கள் போதாது. அதனால், பிறகு சிறுநீரகம் மாற்றக்கூடியவருக்கு மட்டுமே டயாலிசிஸ் என்று வைத்திருந்தார்கள். எச்.ஐ.வி உள்ளவருக்கு மாற்றுச் சிகிச்சை கிடையாது. ஆகவே டயாலிசிஸும் கிடையாது. சிறுநீரகம் செயலிழந்தால் வீட்டுக்குப் போய்ச் சாவதுதான் வழி. மறுபக்கம், மூளைச்சாவு அடைந்தவர்களில் எச்.ஐ.வி இருந்தவர்களின் நல்ல சிறுநீரகங்கள் யாருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் முல்லர். முதல் நான்கு நோயாளர்களின் விவரம் 2010இலும், 27 பேரின் விவரம் 2015இலும் வெளியாயின. அந்த 27 பேரில் ஐந்து வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருப்போர் 74 சதவீதம் என்று கணித்தார்கள். டயாலிசிஸ் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள் இவர்கள். பாவம் எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

கொட்டாஞ்சேனை: அது வழியில்லாத இடத்தில் செய்தது. வசதியான நாடுகளில் இதை ஏற்றுக்கொண்டார்களா?

அமெரிக்காவில் 1988இல் சட்டம் போட்டே தடுத்திருந்தார்கள். எச்.ஐ.வி என்றால் மரணம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. மருந்துகள் வந்து நிலைமை மாறிய பிறகும் சட்டம் அப்படியே கிடந்தது. 2013 நொவெம்பரில் ஹோப் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யலாம் என்றார்கள். 2016இல் பல்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதல் சிறுநீரகமும் முதல் கல்லீரலும் இப்படிப் பொருத்தப்பட்டன.

முக்கியமான ஆய்வு 2024 ஒக்டோபரில் வந்தது. எச்.ஐ.வி உள்ள 198 பேருக்கு, 26 வைத்தியசாலைகளில், இறந்தவர்களின் சிறுநீரகங்களைப் பொருத்தினார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்தவை எச்.ஐ.வி இருந்தவர்களின் சிறுநீரகங்கள், மற்றப் பாதிக்கு இல்லாதவர்களுடையவை. ஒரு வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் முறையே 94 சதவீதம், 95 சதவீதம். மூன்று வருடத்தின் பின் 85, 87. பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த மாதமே, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆராய்ச்சி என்ற கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கிவிட்டது. அங்கே இன்று இது வழக்கமான சிகிச்சை.

தெமட்டகொடை: பெறுபவருக்கு ஏற்கெனவே வைரஸ் இருக்கிறது, சரி. ஆனால் இறந்தவரின் வைரஸ் வேறு வகையாக இருந்தால்? மருந்துக்கு அடங்காத வைரஸ் என்றால்?

நல்ல கேள்வி. வைத்தியர்களும் முதலில் இதற்குத்தான் பயந்தார்கள். ஒருவருக்குள் இரண்டாவது வகை வைரஸ் வந்து குடியேறுவது நடக்கக்கூடியதே. அதனால் கொடையாளர் என்னென்ன மருந்து எடுத்தார், அவருடைய வைரஸ் எந்த மருந்துக்கு அடங்காமல் இருந்தது என்றெல்லாம் முதலில் தேடிப் பார்ப்பார்கள். பெறுபவரின் மருந்துக்கு அந்த வைரஸும் அடங்கும் என்று தெரிந்தால்தான் மேலே போவார்கள்.

நான் சொன்ன 2024 ஆய்வில் இப்படி நடந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டது ஒரேயொருவருக்கு. அவருக்கும் அதனால் நோய் எதுவும் வரவில்லை. அந்த ஆய்வில் இன்னொன்றையும் கண்டார்கள், மறைக்காமல் சொல்கிறேன். எச்.ஐ.வி இருந்தவர்களின் சிறுநீரகம் பெற்றவர்களிடம், இரத்தத்தில் வைரஸ் திரும்பத் தலைகாட்டுவது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது.

மருதானை: உறுப்பு மாற்றினால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். எச்.ஐ.வியும் அதைத்தானே குறைக்கிறது? இரண்டும் சேர்ந்தால் ஆள் தாங்குவாரா?

எல்லோரும் எதிர்பார்த்தது, கிருமித் தொற்றால் இவர்கள் இறந்துபோவார்கள் என்றுதான். வைரஸ் அடங்கியிருந்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 200க்கு மேல் இருப்பவர்களைத் தெரிவு செய்தபோது அப்படி நடக்கவில்லை. ஆனால் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. இவர்களுடைய உடம்பு புதிய சிறுநீரகத்தை மற்றவர்களைவிட அதிகமாக நிராகரித்தது. அமெரிக்காவில் 150 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடத்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நிராகரிப்பு வந்திருந்தது.

அதற்கு ஒரு காரணம் மருந்துகளுக்கிடையிலான மோதல். இது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, மாற்றியவர்கள் பெரும்பாலும் எடுக்கும் மருந்து டாக்ரோலிமஸ். இதைக் கல்லீரலில் ஒரு நொதி உடைத்து வெளியேற்றும். பழைய எச்.ஐ.வி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த ரிட்டோனவிர் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். கோபிசிஸ்டாட்டும் அப்படித்தான். அப்போது டாக்ரோலிமஸ் உடம்பிலேயே தேங்கி, காப்பாற்ற வைத்த சிறுநீரகத்தையே கெடுக்கும். மற்றவர்கள் நாளுக்கு இரண்டு தடவை எடுப்பதை, ரிட்டோனவிர் எடுப்பவர் கிழமைக்கு ஒரு தடவை, அதுவும் அரை மில்லிகிராம் அல்லது ஒரு மில்லிகிராம் அளவில் எடுக்கவேண்டி வரும். அப்படி எடுத்துவரும் ஒருவர் வைத்தியரிடம் சொல்லாமல் ரிட்டோனவிரை நிறுத்தினால் என்ன ஆகும்? டாக்ரோலிமஸ் அளவு மளமளவென்று இறங்கும். உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி மருந்து இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: நொதியைத் தூண்டி, டாக்ரோலிமஸை வேகமாக வெளியேற்றும்.

இப்போது எச்.ஐ.விக்கு உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது டொலுடெகிராவிர். அது இந்த நொதியோடு மோதாது. உறுப்பு மாற்றியவர்களுக்கு இதுபோல நிம்மதி தந்த மருந்து வேறில்லை என்பேன். ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். டொலுடெகிராவிர் தொடங்கியதும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரத்தத்தில் அளக்கும் கழிவுப்பொருள்) அறிக்கையில் கொஞ்சம் ஏறும். அந்தச் சிறிய ஏற்றம் சிறுநீரகம் கெட்டதால் வருவதில்லை, கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை மருந்து தடுப்பதால் வருவது. அறிக்கையைப் பார்த்துப் பதறி மருந்தை நீங்களே நிறுத்த வேண்டாம். ஆனால் கிளினிக்கில் கட்டாயம் காட்டுங்கள். உண்மையான நிராகரிப்பிலும் கிரியாட்டினின்தான் ஏறும்.

பம்பலப்பிட்டி: வைரஸ் இரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால் மற்றவருக்குத் தொற்றாது என்கிறார்கள். அப்படியானால் அவருடைய சிறுநீரகத்தை எச்.ஐ.வி இல்லாதவருக்கு ஏன் கொடுப்பதில்லை?

தொற்றாது என்பது உடலுறவு பற்றியது, அது உண்மை. உறுப்பு விஷயம் வேறு. மருந்தால் இரத்தத்தில் வைரஸ் தெரியாமல் போனாலும், சில உயிரணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கும். ஒரு சிறுநீரகத்தை எடுத்து வைக்கும்போது அந்த உயிரணுக்களும் சேர்ந்தே போகும். அதனால்தான் எச்.ஐ.வி உள்ளவரின் உறுப்பு எச்.ஐ.வி உள்ளவருக்கு மட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2017இல் ஜொஹன்னஸ்பேர்க்கில், கல்லீரல் செயலிழந்து சாகும் நிலையில் இருந்த ஒரு குழந்தைக்கு, எச்.ஐ.வி உள்ள அதன் தாய் தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். குழந்தைக்கு எச்.ஐ.வி இல்லை. வேறு கொடையாளரும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே எச்.ஐ.வி மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிள்ளை பிழைத்தது. அந்த வைத்தியர்கள் எத்தனை இரவு தூங்காமல் யோசித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இடம் போட வேண்டாம் என்று கேட்ட ஒரு சகோதரி: எனக்கும் கணவருக்கும் இருவருக்கும் எச்.ஐ.வி. அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸ் செய்கிறோம். என்னுடையதைக் கொடுக்கலாமா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்து நிறைய நேரம் அப்படியே இருந்தேன். எச்.ஐ.வி உள்ளவர் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுத்தது 2019இல் பல்டிமோரில் நடந்திருக்கிறது. அதனால் முடியவே முடியாத காரியம் இல்லை. ஆனால் இங்கே உங்களுடைய உடம்பையும் யோசிக்க வேண்டும். எச்.ஐ.வியும், அதற்கான டெனோஃபோவிர் போன்ற சில மருந்துகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் கோளாறு வந்தால், வீட்டில் இரண்டு நோயாளர்கள்.

முதலில் வேறொன்று கேளுங்கள்: எச்.ஐ.வி இல்லாத ஒருவரின் சிறுநீரகம் உங்கள் கணவருக்குக் கிடைக்குமா? எச்.ஐ.வி இருப்பதாலேயே ஒருவருக்கு மாற்றுச் சிகிச்சை செய்யமுடியாது என்பது பழைய கதை. வைரஸ் அடங்கியிருந்தால், சிடி4 நன்றாக இருந்தால், அவருக்குப் பொருத்துவதற்கு மருத்துவக் காரணமாக அது மட்டும் தடையில்லை. உறவினரில் யாராவது முன்வரலாம். சிறுநீரக வைத்தியரும் எச்.ஐ.வி கிளினிக் வைத்தியரும் ஒருவரோடொருவர் கதைக்கும்படி கேளுங்கள். இரண்டு கிளினிக்கும் தனித்தனியாக மருந்து எழுதிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன மோதல்தான் நடக்கும். எந்த வாசலிலாவது முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், அடுத்த வாசலைத் தட்டுங்கள்.

கிராண்ட்பாஸ்: இதை இலங்கையிலும் தொடங்க வேண்டும் என்கிறீர்களா?

தென்னாபிரிக்காவில் எழுபது லட்சத்துக்கு மேற்பட்டோர் எச்.ஐ.வியோடு வாழ்கிறார்கள். இங்கே சில ஆயிரம் பேர். இங்கே நடக்கும் சிறுநீரக மாற்றுகளில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பவர் கொடுப்பவை. எச்.ஐ.வி உள்ள ஒருவர் மூளைச்சாவு அடைந்து, அதே நேரம் எச்.ஐ.வி உள்ள இன்னொருவர் அதே இரத்த வகையோடு காத்திருப்பது மிக அபூர்வமாகத்தான் நடக்கும். ஆகவே இங்கே முதல் வேலை, எச்.ஐ.வி உள்ளவர்களைக் காத்திருப்போர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தாமல் இருப்பது. கேப் டவுன் கதையில் என்னை மிகவும் வருத்துவதும் அதுதான்: ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி, இன்னொரு வியாதிக்கான சிகிச்சையை மறுத்தார்கள். ஆனால் அந்த அபூர்வமான நாள் வந்தால் முறை தயாராக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.

முறை என்று சொல்லும்போது இரகசியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எச்.ஐ.வி உள்ளவரின் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது என்று வோர்டில் தெரிந்தால், பெற்றவருக்கும் எச்.ஐ.வி என்பது தெரிந்துவிடும். இறந்தவருக்கு எச்.ஐ.வி இருந்தது அவருடைய பெற்றோருக்கே தெரியாமல் இருக்கலாம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஒரு செய்தி மேலிருந்து கீழே வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நமக்குத் தெரியும்.

புறக்கோட்டை: என் மச்சானுக்கு அடுத்த மாதம் சிறுநீரகம் வைக்கிறார்கள். தெரியாமல் எச்.ஐ.வி உள்ள ஒன்றை வைத்துவிட்டால்?

கொடையாளரைச் சோதிக்காமல் வைப்பதில்லை. ஆனாலும் உங்கள் பயத்துக்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2007இல் சிக்காகோவில் ஒரே கொடையாளரிடமிருந்து நான்கு பேருக்கு எச்.ஐ.வியும் ஹெப்படைட்டிஸ் சியும் தொற்றின. அவருக்குத் தொற்று மிகப் புதியது, அதனால், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் தெரியவில்லை. வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் நாட் சோதனையை வற்புறுத்துவது இதனால்தான். அதில் ஏறத்தாழ பத்து நாட்களிலேயே தெரிந்துவிடும். மச்சானின் கொடையாளருக்கு எந்தச் சோதனை, எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மட்டக்குளி: எச்.ஐ.வி உள்ளவர் கண் தானம் செய்யலாமா?

முடியாது. 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தால் இலங்கைக் கண்கள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன, அது நமக்குப் பெருமை. ஆனால் உலகெங்கும் கண் வங்கிகள் எச்.ஐ.வி உள்ளவரின் கருவிழியை எடுப்பதில்லை.

மாளிகாவத்தை: டயாலிசிஸ் செய்யும் என் அண்ணா எச்.ஐ.விக்கு டொலுடெகிராவிர் எடுக்கிறார். சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. டயாலிசிஸ் நோயாளர்களுக்கு பொஸ்பேட்டைக் குறைக்கக் கல்சியம் குளிசை கொடுப்பார்கள். கல்சியமும் இரும்புச் சத்துக் குளிசையும் டொலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் என்றால், டொலுடெகிராவிர் எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கல்சியம் எடுக்கட்டும், அல்லது கல்சியம் எடுத்து ஆறு மணித்தியாலம் கழித்து டொலுடெகிராவிர். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அன்டாசிட் மருந்துக்கு இந்தச் சலுகை இல்லை, அதற்கு எப்போதும் அந்த இடைவெளி வேண்டும்.

காமரங்காவை (நட்சத்திரப் பழம்) வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். சிறுநீரகம் கெட்டவருக்கு அது விஷம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். சிறுநீரகம் மாற்றிய பிறகு ஜம்போலாவையும் (பம்பளிமாஸ்) நிறுத்தச் சொல்லுங்கள், டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கு எந்த வைத்தியராவது அவருக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அன்றைக்கே இரண்டு கிளினிக்குகளுக்கும் சொல்லுங்கள். அது டாக்ரோலிமஸையும் டொலுடெகிராவிரையும் சேர்த்தே இறக்கும், இரண்டின் அளவையும் மாற்றவேண்டி வரும்.