பதினேழு சீட்டுகளின் கணக்கு

வணக்கம்.

நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, யார் எந்த அணி என்பதை மறைத்து ஆடும் ‘சீக்ரெட் ஹிட்லர்’ என்ற சீட்டு ஆட்டத்தை விளையாடுகிறோம். விதிகள் எல்லோருக்கும் அத்துபடி. ஆனாலும் லிபரல் அணி ஜெயிப்பது அபூர்வமாகிவிட்டது. பிரசிடெண்ட் ‘நான் ஒரு லிபரல் சீட்டு கொடுத்தேன்’ என்பார், சான்சலர் ‘எனக்கு வந்த இரண்டுமே பாசிஸ்ட் சீட்டு’ என்பார். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அந்த இருவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் ஓட்டு சாய்ந்துவிடுகிறது. முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க வழி உண்டா? லிபரலாக இருப்பவரும் தேவைப்பட்டால் பொய் சொல்லலாம் என்று எங்களில் ஒருவர் வாதிடுகிறார், அது சரியா? இன்னொரு தோழி இந்த ஆட்டத்தின் பெயரே பிடிக்காமல் விலகிவிட்டார். அவ்வளவு கோரமான வரலாற்றை விளையாட்டாக்கலாமா என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஹிட்லர் சீட்டு வந்தவரும் பதறுவார், அநியாயமாகச் சந்தேகிக்கப்படும் லிபரலும் பதறுவார். இரண்டு பதற்றமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பொய் சொல்லவே முடியாத ஒன்று உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அதுதான் சீட்டுக்கட்டு. அதில் 17 கொள்கைச் சீட்டுகள், 6 லிபரல், 11 பாசிஸ்ட். உங்கள் கடிதத்தில் யார் என்ன சொன்னார் என்பது இருக்கிறது, கட்டில் என்ன மிச்சம் இருந்தது என்பது எங்கேயும் இல்லை. நீங்கள் தோற்பது அங்கேதான்.

ஆடியிராத வாசகர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் ஜெர்மனியில் நடப்பதாக அமைத்து 2016இல் வெளியான ஆட்டம் இது. 5 முதல் 10 பேர் வரை ஆடலாம். ஏழு பேர் என்றால் 4 லிபரல், 2 பாசிஸ்ட், 1 ஹிட்லர். பாசிஸ்டுகளுக்குத் தங்கள் கூட்டாளியையும் தெரியும், ஹிட்லரையும் தெரியும். ஹிட்லருக்கு யாரையும் தெரியாது. பிரசிடெண்ட் பதவி வரிசையாகச் சுற்றிவரும். அவர் ஒரு சான்சலரை முன்மொழிவார், எல்லோரும் ஓட்டுப்போடுவார்கள். ஆட்சி அமைந்தால் பிரசிடெண்ட் மூன்று சீட்டு எடுத்து, ஒன்றைக் கவிழ்த்துக் கழித்துவிட்டு இரண்டைச் சான்சலரிடம் கொடுப்பார். சான்சலர் அதில் ஒன்றைக் கழித்து மற்றதைச் சட்டமாக்குவார். கழித்த சீட்டுகளை யாரும் பார்க்க முடியாது. 5 லிபரல் சட்டம் வந்தாலோ ஹிட்லர் சுடப்பட்டாலோ லிபரல்களுக்கு வெற்றி. 6 பாசிஸ்ட் சட்டம் வந்தாலோ, 3 பாசிஸ்ட் சட்டம் வந்தபிறகு ஹிட்லர் சான்சலரானாலோ பாசிஸ்டுகளுக்கு வெற்றி.

முழுக்கட்டிலிருந்து மூன்று சீட்டு எடுத்தால் மூன்றுமே பாசிஸ்ட் சீட்டாக வர 24 சதவீத வாய்ப்பு. ஒரே ஒரு லிபரல் வர 49, இரண்டு வர 24, மூன்றும் லிபரலாக வர 3. அதாவது நான்கு ஆட்சியில் ஒன்றில் நல்லவர் கையிலிருந்தே பாசிஸ்ட் சட்டம் வரும். அவரைத் துரத்திக்கொண்டிருப்பதில்தான் லிபரல் அணிகளின் பாதி நேரம் வீணாகிறது.

இப்போது நீங்கள் சொன்ன மோதலுக்கு வருகிறேன். பிரசிடெண்ட் ‘லிபரல் ஒன்று, பாசிஸ்ட் ஒன்று கொடுத்தேன்’ என்கிறார், சான்சலர் மறுக்கிறார். இதில் உங்களுக்குக் கிடைப்பது நல்ல செய்தி. லிபரல்கள் பொய் சொல்லாத மேஜையில் இந்த இருவரில் ஒருவராவது பாசிஸ்ட் அணி என்பது உறுதி. அப்படியானால் மற்ற ஐந்து பேரில் அதிகபட்சம் இரண்டு பேர்தான் கெட்டவர்கள். யார் பொய்யர் என்று அன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இருவரையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஐவருக்குள் ஆட்சி அமையுங்கள். அந்தப் பிரசிடெண்டின் முறை மறுபடி வர ஏழு சுற்று ஆகும், ஆகவே இப்போதைக்குக் கவலைப்பட வேண்டியது சான்சலரின் முறை வரும்போது மட்டும்தான். அவருடைய ஆட்சியை ஒருமுறை தோற்கடித்தால், தோற்ற தேர்தல்களை எண்ணும் குறி ஒரு கட்டம் நகரும், அவ்வளவே. அதை மூன்றுவரை போக விடாதீர்கள். தொடர்ந்து மூன்று தேர்தல் தோற்றால் கட்டின் மேல்சீட்டு அப்படியே சட்டமாகிவிடும். முழுக்கட்டில் அது லிபரலாக இருக்க 35 சதவீத வாய்ப்புதான். இரண்டு லிபரல்கள் சேர்ந்த ஆட்சி என்றால் 76 சதவீதம். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘யாரையும் நம்ப முடியவில்லை’ என்று வரிசையாக மறுத்து ஓட்டுப்போடுவது பாசிஸ்டுகளுக்குச் செய்யும் உபகாரம்.

மோதலைவிட ஆபத்தானது மோதலே வராத திருட்டு. பாசிஸ்ட் பிரசிடெண்டுக்கு ஒரு லிபரல், இரண்டு பாசிஸ்ட் வருகிறது. லிபரலைக் கழித்துவிட்டு மற்ற இரண்டையும் கொடுக்கிறார். ‘மூன்றும் பாசிஸ்ட்’ என்கிறார். சான்சலர் நேர்மையானவர், இரண்டு பாசிஸ்ட் வந்தது என்று உண்மையைச் சொல்கிறார். இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது, மேஜையில் சத்தமே இல்லை, ஒரு லிபரல் சீட்டு காணாமல்போய்விட்டது. இன்னொரு வகை இதைவிட நாசூக்கானது. பாசிஸ்ட் பிரசிடெண்டுக்கு இரண்டு லிபரல் வந்தால், அதில் ஒரு லிபரலைக் கழித்துவிட்டு ‘லிபரல் ஒன்றுதான் வந்தது’ என்பார். சட்டம் லிபரலாகவே வரும், அவருக்கு நல்ல பெயரும் கிடைக்கும்.

இவற்றைப் பிடிக்கக் கணக்கு மட்டுமே உதவும். ஒரு தாளில் ஆறு பத்தி போடுங்கள்: பிரசிடெண்ட், சான்சலர், யார் யார் ஆதரித்து ஓட்டுப்போட்டார்கள், பிரசிடெண்ட் சொன்ன மூன்று சீட்டு, சான்சலர் சொன்ன இரண்டு சீட்டு, வந்த சட்டம். முதல் கட்டில் ஐந்து ஆட்சி நடக்கும், 15 சீட்டு போகும், மிச்சம் 2. அந்த இரண்டில் அதிகபட்சம் 2 லிபரல் இருக்கலாம். ஆகவே ஐந்து பிரசிடெண்டுகளும் சொன்ன லிபரல் சீட்டுகளைக் கூட்டினால் 4, 5, 6 என்ற மூன்றில் ஒன்றுதான் வர வேண்டும். இதில் 5 வர 49 சதவீதம், 6 வர 40, 4 வர 11. கூட்டுத்தொகை 3 என்றால் ஒரு சீட்டையாவது யாரோ விழுங்கியிருக்கிறார்கள். 4 வந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நடுவில் மேல்சீட்டு தானாகச் சட்டமாகியிருந்தால் இந்த ஐந்து ஆட்சிக் கணக்கு குலையும், அந்த ஒரு சீட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் நான்கு பிரசிடெண்டுகள் சொன்னது மொத்தம் 3 லிபரல் என்று வையுங்கள். அது உண்மையானால் கட்டில் மிச்சமுள்ள 5 சீட்டில் 3 லிபரல், 2 பாசிஸ்ட். அதிலிருந்து மூன்று எடுக்கும் ஐந்தாமவருக்கு மூன்றும் பாசிஸ்டாக வரவே முடியாது. அவர் அப்படித்தான் வந்தது என்றால் எல்லோரும் அவர்மேல் பாய்வார்கள். ஆனால் கணக்கு சொல்வது ஐவரில் ஒருவராவது பொய்யர் என்பதை மட்டும்தான். முன்னால் ஒருவர் லிபரல்களை மறைத்திருந்தால் ஐந்தாமவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, ‘மூன்றும் பாசிஸ்ட்’ என்று சத்தமில்லாமல் கடந்துபோன ஆட்சிகளை. கணக்கு தெரிந்த பாசிஸ்ட் இதையும் யோசித்து, கட்டின் ஆரம்பத்திலேயே திருடிவிட்டுக் கடைசியில் சாதுவாக இருப்பார். அதனால் முதல் இரண்டு ஆட்சிகளின் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவையுங்கள்.

மூன்று சீட்டுக்குக் குறைவாக மிஞ்சும்போது, மிச்சத்தையும் கழித்ததையும் சேர்த்துக் கலைப்பீர்கள். சட்டமானவை திரும்ப வராது என்பதால் இரண்டாவது கட்டின் குணம் மாறியிருக்கும். 2 லிபரல், 3 பாசிஸ்ட் சட்டம் வந்திருந்தால் புதுக்கட்டு 4 லிபரல், 8 பாசிஸ்ட். மூன்றும் பாசிஸ்டாக வர 25 சதவீதம், கிட்டத்தட்ட பழையபடியே. 3 லிபரல், 2 பாசிஸ்ட் வந்திருந்தால் புதுக்கட்டு 3 லிபரல், 9 பாசிஸ்ட், அந்த வாய்ப்பு 38 சதவீதமாக ஏறும். லிபரல்கள் நன்றாக ஆடிய ஆட்டத்தில்தான் இரண்டாவது கட்டு கெட்டுப்போயிருக்கும். அங்கே ‘மூன்றும் பாசிஸ்ட்’ என்பவரை முதல் கட்டில் சந்தேகித்த அதே அளவுக்குச் சந்தேகிக்காதீர்கள்.

லிபரல் பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கூடாது. மேலே சொன்ன கணக்கு முழுவதும் நான்கு பேர் உண்மை சொல்கிறார்கள் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. வீண் கேள்விகளுக்குப் பயந்து இரண்டு லிபரல் வந்ததை ஒன்று என்று சொல்லும் ஒரு நல்லவர் அத்தனையையும் இடித்துவிடுகிறார். பிறகு கூட்டுத்தொகை உதைத்தால் அது திருட்டா, அவருடைய கூச்சமா என்று யாருக்கும் தெரியாது. லிபரலுக்கு அனுமதிக்கப்பட்ட தந்திரம் வேறு உண்டு. இரண்டு லிபரல், ஒரு பாசிஸ்ட் வந்தால் சான்சலரிடம் இரண்டு லிபரலையும் கொடுக்கலாம், அல்லது லிபரல் ஒன்று, பாசிஸ்ட் ஒன்று கொடுத்து அவரைச் சோதிக்கலாம். சான்சலர் நல்லவர் என்றால் இரண்டு வழியிலும் லிபரல் சட்டமே வரும், நஷ்டமில்லை. கெட்டவர் என்றால் அவர் பாசிஸ்ட் சட்டத்தைப் போட்டு மோதலில் சிக்குவார், அல்லது பயந்து லிபரல் சட்டம் போடுவார். ஆட்டத்தின் தொடக்கத்தில் இப்படிச் சோதியுங்கள். 4 லிபரல் சட்டம் வந்துவிட்டாலோ 3 பாசிஸ்ட் சட்டம் வந்துவிட்டாலோ சோதனை வேண்டாம், இரண்டையும் லிபரலாகவே கொடுங்கள். எதைச் செய்தாலும் வந்தது இரண்டு லிபரல் என்பதை மறைக்காதீர்கள்.

பாசிஸ்ட் சட்டம் வரும்போது பிரசிடெண்டுக்குக் கிடைக்கும் அதிகாரங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஏழு பேர் ஆட்டத்தில் இரண்டாவது பாசிஸ்ட் சட்டம் பிரசிடெண்டுக்கு, ஒருவர் எந்த அணி என்று காட்டும் கட்சிச் சீட்டைப் பார்க்கும் உரிமை தருகிறது. ஹிட்லரின் கட்சிச் சீட்டிலும் பாசிஸ்ட் என்றுதான் இருக்கும், அதனால் அதைவைத்து ஹிட்லரைத் தனியாகப் பிரிக்க முடியாது. மூன்றாவது சட்டம் அடுத்த பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்க வைக்கும், நான்காவதும் ஐந்தாவதும் ஒருவரைச் சுட வைக்கும்.

மூன்றாவது பாசிஸ்ட் சட்டத்துக்குப் பிறகு ஓட்டுக் கணக்கைக் கவனியுங்கள். ஏழு பேரில் ஆட்சி அமைய 4 ஓட்டு வேண்டும், சமமானால் தோல்வி. பாசிஸ்ட் அணியிடம் இருப்பது 3. அதாவது ஏழு பேரும் உயிரோடு இருக்கும்போது ஹிட்லர் சான்சலரானால் குறைந்தது ஒரு லிபரல் அவருக்கு ஓட்டுப்போட்டிருக்கிறார். ஏன் போடுகிறார்? முன்பு அவர் லிபரல் சட்டம் போட்டதைப் பார்த்துத்தான். ஏழு பேர் ஆட்டத்தில் கூட்டாளிகளைத் தெரியாத ஹிட்லர், நல்லவராகப் பெயர் வாங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே ஆரம்பத்தில் லிபரல் சட்டம் போட்டது இந்தக் கட்டத்தில் எதற்கும் சான்றாகாது. மூன்றாவது சட்டத்துக்குப் பிறகு சான்சலராகி, ‘நீ ஹிட்லரா’ என்ற கேள்விக்கு இல்லை என்று விதிப்படி பதில் சொன்னவர்தான் நிரூபிக்கப்பட்டவர். அவர் பாசிஸ்டாக இருக்கலாம், ஹிட்லராக இருக்க முடியாது. முன்பு சான்சலராக இருந்து லிபரல் சீட்டை விழுங்கி மோதலில் மாட்டிக்கொண்டவரும் பெரும்பாலும் ஹிட்லர் இல்லை. அவ்வளவு வெளிச்சத்தை ஹிட்லர் விரும்பமாட்டார்.

சுடும்போதும் இதே கணக்குதான். ஒரு லிபரலைத் தவறாகச் சுட்டால் லிபரல் 3, பாசிஸ்ட் அணி 3, பாசிஸ்டுகளுக்கு அப்போதும் ஒரு லிபரல் ஓட்டு தேவைப்படும். இரண்டாவதும் தவறினால் லிபரல் 2, பாசிஸ்ட் அணி 3. அதற்கப்புறம் அவர்கள் ஓட்டு மட்டுமே ஹிட்லரைச் சான்சலராக்கப் போதும். மோதலில் இருந்த இருவரில் ஒருவரைச் சுடுவதுதான் வழக்கமான அவசரம். அவர்களை ஓட்டாலேயே தடுத்துவைத்திருக்கிறீர்களே! யாரும் சந்தேகிக்காத, ஒருமுறையும் சோதிக்கப்படாத, எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பவரைப் பற்றி அப்போது பேசுங்கள்.

உங்கள் தோழியின் தயக்கத்தை மதிக்கிறேன், அவரை வற்புறுத்தாதீர்கள். என் கருத்தை மட்டும் சொல்கிறேன். இந்த ஆட்டம் வதை முகாம்களையோ பலியானவர்களையோ காட்சிப்பொருளாக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய ஒரு அரசியல் கணத்தை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 33.1 சதவீதம், 584 இடங்களில் 196. பெரும்பான்மை இல்லை. 1933 ஜனவரி 30 அன்று பிரசிடெண்ட் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார். துணைச் சான்சலரான பாப்பென் அவரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார். மார்ச் 23 அன்று சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைக்கும் சட்டம், ஜெர்மன் நாடாளுமன்றமான ரீக்ஸ்டாகில் 444-க்கு 94 என்று நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள் வர முடியாதபடி செய்யப்பட்டிருந்தனர். எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. கத்தோலிக்க மையக் கட்சி ஆதரித்தது. மூன்று பாசிஸ்ட் சட்டம், பிறகு சான்சலர் பதவி, அதற்கு ஒரு லிபரலின் ஓட்டு என்ற ஆட்டத்தின் அமைப்பு இந்தக் கணத்தைத்தான் நினைவூட்டுகிறது. இதை விளையாட்டாக ஆடலாம், கேலியாக ஆடக்கூடாது. நாஜி வணக்கம் வைப்பது, ஹிட்லரின் குரலை நடிப்பது போன்றவற்றை உங்கள் மேஜையில் தடைசெய்துவிடுங்கள்.

பெயரே தடை என்றால் அதற்கும் வழியுண்டு. வணிக நோக்கமில்லாமல் பகிரவும் மாற்றவும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இந்த ஆட்டம் வெளியிடப்பட்டிருக்கிறது. வேறு பெயர்களில் நீங்களே சீட்டு செய்துகொள்ளலாம், மூல ஆட்டத்தைக் குறிப்பிட வேண்டும், விற்கக்கூடாது, பிறரும் அதே உரிமத்தில் மாற்ற விட வேண்டும். எந்தப் பெயர் வைத்தாலும் 6, 11 என்ற விகிதத்தை மாற்றாதீர்கள். தலைவரின் கட்சிச் சீட்டும் தொண்டர்களின் கட்சிச் சீட்டும் வித்தியாசமில்லாமல் இருக்கட்டும். கொள்கைச் சீட்டுகளின் பின்புறம் ஒன்றுபோல் அச்சாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வீட்டில் செய்த சீட்டுகளில் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.